வில்மருக்கு வர வேண்டிய ஒரு தோட்டா

ஷேஃபர்ஸ் கேப் என்ற சிற்றூரில் இப்போது உலவும் செய்தி இதுதான்: வில்மர் ஸ்டவுஃபர் ஒற்றைத் தோட்டாவுக்காக நாற்பது வருஷச் சிநேகிதனோடு பேச்சை நிறுத்திவிட்டார். ஒரு பெட்டி தோட்டாகூட இல்லை. ஒன்றே ஒன்று.

செய்தி இடத்துக்கு இடம் உடுப்பு மாற்றிக்கொள்கிறது. முடிவெட்டும் கடையில் வில்மர் கஞ்சன். மாட்டுத் தீவனக் கடையில் அந்தச் சிநேகிதன் ஹார்லன் பிரூபேக்கர் திருடன். தேவாலயத்துப் பின்வரிசையில் இருவருமே கிறுக்கர்கள். அந்தச் சனிக்கிழமை வில்மர் வீட்டுச் செருப்போடும், கோழிச் சூப்பு வழியும் கால்சட்டையோடும் சுடும் மைதானத்துக்குள் ஓடிவந்து எல்லாரையும் உட்காரச் சொன்னாராம். பாதிப் பேர் உட்கார்ந்தும்விட்டார்களாம்.

விசாரித்துப் பார்த்ததில், இதில் நம்பவே முடியாத பகுதிதான் அப்பட்டமான உண்மை என்று தெரிய வந்தது. உட்கார்ந்தவர்கள் ஒன்பது பேர். அதை ஒப்புக்கொண்டவர்கள் இரண்டு பேர். கஞ்சத்தனம்தான் கலப்படம். ஹார்லன் எங்கெங்கோ தேடி ஐம்பது தோட்டாக்கள் அடங்கிய புதுப் பெட்டியொன்றை வாங்கி வந்து நீட்டினார், வில்மர் தொடவில்லை. ஐம்பதைத் தள்ளிவிட்டு ஒன்றைக் கேட்கிறவனைக் கஞ்சன் என்று சொல்ல அந்த முடிவெட்டும் கடைக்குத்தான் துணிச்சல் உண்டு.

வில்மருக்குத் துணிச்சல் கிடையாது. கதையே அதுதான்.

அறுபத்தொன்பது வயது. இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். மனைவி அர்லீன். வீட்டின் கீழ்த்தளத்தில் ஒரு இரும்பு அலமாரி. அதற்குள் பதினான்கு பழைய ரிவால்வர்கள், ஒவ்வொன்றும் எண்ணெய் தடவிய கம்பளிக் காலுறைக்குள் தூங்குகிறது. எல்லாமே நூறு வயது தாண்டியவை. எல்லாமே டபுள் ஆக்‌ஷன் ஜாதி. அதாவது சுத்தியலைத் தனியாகக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுக்க வேண்டாம். விசையை நீளமாக ஓர் இழுப்பு இழுத்தால் போதும், சுத்தியல் எழும்பும், உருளை ஒரு கட்டம் சுழலும், தோட்டா நேருக்கு வரும், சுத்தியல் விழும். ஒரே இழுப்பில் நாலு வேலை.

பயந்தாங்கொள்ளிக்கு ஏன் இந்த ஆசை என்று ஊர் கேட்டதுண்டு. அர்லீனிடம் பதில் இருக்கிறது. பஸ்ஸில் கதவைத் திறக்கும் நெம்புகோல் ஞாபகமிருக்கிறதா? அதையும் ஒரே இழுப்பு இழுத்தால் கதவு மடங்கும், சிவப்பு விளக்கு மினுங்கும், பக்கவாட்டில் நிறுத்தப் பலகை விரியும், பின்னால் வருகிற வண்டிகளெல்லாம் நிற்கும். "இருபத்தாறு வருஷம் அதை இழுத்த கை, சும்மா இருக்குமா?" என்கிறாள் அர்லீன்.

ஆனால் பயம். நூற்றிருபது வயது துப்பாக்கிக்குள் நூற்றிருபது வருஷத்து அடுத்தவன் முட்டாள்தனமும் சேர்ந்தே இருக்கும் என்பது வில்மரின் கட்சி. எவன் தேய்த்தானோ, எவன் கீழே போட்டானோ, எவன் கம்பியை வளைத்தானோ. ஆகவே காதுக்குள் பஞ்சு, அதன்மேல் காதுமூடி. கண்ணாடிமேல் கண்ணாடி. இடுப்புப் பட்டையில், காயம் பட்டால் ரத்தத்தை நிறுத்த இறுக்கிக் கட்டும் கயிறு. துப்பாக்கிக் கிளப்பில் அவருக்குப் பெயர் 'ஆம்புலன்ஸ்'.

இந்தப் பயத்துக்கும் ஒரு பிறந்த தேதி உண்டு. தொண்ணூற்றொன்றாம் வருஷம் ஜனவரியில் ஒரு காலை, நாற்பத்திரண்டு பிள்ளைகளை ஏற்றினார். நாற்பத்தொன்று இறங்கின. எண்ணினார், எங்கோ தப்பாக எண்ணிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு வண்டியை நிறுத்திவிட்டுக் காப்பி குடிக்கப் போனார். பாதிக் கோப்பையில் எழுந்து ஓடிவந்து பார்த்தால், கடைசி சீட்டில் ஒரு பெண் குழந்தை சுருண்டு தூங்குகிறது, குளிரில் மூக்கு நுனி நீலம். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருக்கு ஆகிவிட்டது. அன்றிலிருந்து வில்மர் எதையும் மூன்று முறை எண்ணுவார். முட்டையை, மாத்திரையை, தேவாலயத்துப் படிகளை.

ஹார்லன் நேர் எதிர். பால் லாரி ஓட்டியவர், கதவு அளவு உடம்பு, சிரித்தால் பக்கத்து மேஜைத் தட்டு அதிரும். ஐந்து வருஷத்துக்கு முன் வில்மரின் அலமாரியைப் பார்த்துப் பொறாமைப்பட்டு, தானும் ஒரு ரிவால்வர் வாங்கினார். ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறுகளில் ஹார்ட்ஃபோர்டில் செய்தது. அதற்குப் பொருந்தும் தோட்டா ஊர்க் கடைகளில் கிடையாது. வெடித்த பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து, அடியில், சுத்தியல் பட்டால் பொறி பறக்கும் புதுக் கேப் பொருத்தி, வெடிமருந்து போட்டு, மேலே ஈயக் குண்டை வைத்து அழுத்தி நாமே செய்துகொள்ள வேண்டும். ஹார்லனுக்கு அந்தப் பொறுமை இல்லை. வில்மருக்கு அதைத் தவிர வேறில்லை.

இங்கே ஒரு சட்டம் உண்டு. கிளப் சுவரில் எழுதியிருக்காது, எல்லாருக்கும் தெரியும். அடுத்தவன் கையால் செய்த தோட்டாவைச் சுடாதே. அடுத்தவன் பல் துலக்கும் பிரஷ் மாதிரி அது. ஹார்லன் மட்டும் இந்தச் சட்டத்தைப் பார்த்துச் சிரிப்பார்.

"வில்மர் தோட்டாவா? அவன் ஒவ்வொண்ணுக்கும் ஞானஸ்நானம் பண்ணித்தான் வெளிய விடுவான். அவன் பயப்படுற பயத்துல எனக்குப் பாதி பயம் மிச்சம்டா."

இப்படி, ஊரிலேயே அதிகம் பயப்படுகிறவரை நம்பி ஊரிலேயே பயமில்லாதவர் சுட்டுக்கொண்டிருந்தார். ஐந்து வருஷம் நன்றாகவே ஓடியது.

அக்டோபர் முதல் சனிக்கிழமை கிளப்பில் 'பழைய இரும்பு நாள்'. நூறு வயதுத் துப்பாக்கிகள் மட்டும். சுத்தியலில் கட்டைவிரல் படக்கூடாது, நீள இழுப்பு மட்டுமே. ஆறு குண்டுக்குப் பத்து வினாடி. மதியம் அர்லீன் கையால் கோழிச் சோளச் சூப்பு.

அதற்கு முந்தின புதன்கிழமை, காப்பிக் கடையில் எல்லார் முன்னாலும் ஹார்லன் கேட்டார்:

"என்னடா ஆம்புலன்ஸ், என் அம்பது தயாரா? இல்ல இன்னும் முப்பதாவதுக்கு ஜெபம் நடக்குதா?"

கடை சிரித்தது. வில்மரும் சிரித்தார். சிரிப்பு வீடு வரை கூடவே வந்தது, ராத்திரியும் போகவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் கீழ்த்தளத்தில் உட்கார்ந்தார். ஐம்பது கூடுகள் மரப் பலகைக் குழிகளில் வரிசையாக நின்றன. மருந்துக் குழாயின் கைப்பிடியை ஓர் இழுப்பு இழுத்தால் ஒரு கூட்டுக்கான மருந்து விழும். ஒரு கூடு, ஒரு இழுப்பு. அடுத்த கூடு, அடுத்த இழுப்பு. முப்பத்தொன்றாவது கூட்டைக் குழாயடியில் வைத்தபோது மேலேயிருந்து குரல்.

"வில்மர்! அந்தப் பெரிய பானையை இறக்கிக் குடுத்துட்டுப் போ. எனக்கு எட்டல."

போனார். பானையை இறக்கினார். நாலு நிமிஷம் ஆகியிருக்கும். திரும்பி வந்து உட்கார்ந்து முப்பத்தொன்றாவது கூட்டைப் பார்த்தார். அதற்கு இழுத்துவிட்டோமா, இனிமேல்தானா?

இந்த இடத்துக்கு அவர் வைத்திருக்கும் விதி ஒன்றே ஒன்று: பாதியில் எழுந்தால் ஐம்பதையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்கு. ஐந்து வருஷத்தில் பதினொரு முறை கொட்டியிருக்கிறார். ஒருமுறை தும்மல் வந்ததற்காகக் கொட்டினார். அன்று, பலகைமேல் கை வைத்தவர், காப்பிக் கடைச் சிரிப்பைக் கேட்டார். இன்னும் ஜெபம் நடக்குதா?

கொட்டவில்லை. கைப்பிடியை இழுத்தார், அடுத்த கூட்டுக்குப் போனார். அறுபத்தொன்பது வயதில் முதல் தடவையாகப் பயப்படாமல் ஒரு காரியம் செய்தார். அது அவருக்குப் பிடித்தும் இருந்தது. முடித்ததும் டார்ச் அடித்துப் பார்த்தார். ஆனால் அந்தப் பழங்காலக் கூடு நீளமானது. இந்தக் காலத்து மருந்து அதன் அடியில் சிட்டிகைதான் கிடக்கும். ஒரு சிட்டிகைக்கும் இரண்டு சிட்டிகைக்கும் டார்ச் வித்தியாசம் சொல்லாது. குண்டுகளை வைத்து அழுத்தினார். கடைசியாக, ஈரம் இறங்காதிருக்க ஒவ்வொரு தோட்டாவின் அடியிலும் கேப்பைச் சுற்றி அர்லீனின் சிவப்பு நகச்சாயத்தால் ஒரு வளையம் இட்டார். அது அவர் முத்திரை. வெள்ளிக்கிழமை காலை ஹார்லன் வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு, கிளப்புக்குக் கிளம்புமுன் மேஜையை ஒழுங்குசெய்யக் கீழே போனார் வில்மர். குழாயில் மிச்சமிருந்த மருந்தைத் தராசில் வைத்தார். தொடங்கும்போது இருந்த எடை நோட்டில் இருக்கிறது. ஐம்பது இழுப்புக்கு எவ்வளவு குறைய வேண்டும் என்பதும் தெரியும்.

ஐம்பத்தொரு இழுப்புக்குக் குறைந்திருந்தது.

மறுபடி நிறுத்தார். தராசை ஊதித் துடைத்துவிட்டு மறுபடி. மேஜையடியில் மண்டியிட்டு, சிந்தியிருக்குமோ என்று தரையைக் கையால் தடவினார். தரை சுத்தம். அவர் தரை எப்போதுமே சுத்தம்.

ஐம்பதில் ஒன்றில் இரட்டை மருந்து. புதுத் துப்பாக்கி என்றால் ஒருவேளை பொறுத்துக்கொள்ளும். ஹார்லன் கையில் இருப்பது நூற்றிருபது வருஷத்து இரும்பு. உருளை வெடித்தால் வலது கையில் எத்தனை விரல் மிஞ்சும், கண்ணுக்கு என்ன ஆகும் என்பதெல்லாம் வில்மருக்கு மனப்பாடம். பயப்படுகிறவன் இதையெல்லாம் படித்து வைத்திருப்பான்.

போட்டி பத்து மணிக்கு.

கிளப் இருக்கும் பள்ளத்தாக்கில் கைபேசிக்கு உயிர் கிடையாது. கிளப் கட்டடத்துப் பழைய தொலைபேசிக்கு அடித்தார். பதினான்கு தடவை மணி அடித்தது. யார் எடுப்பார்கள்? எல்லாரும் வெளியே, காதுமூடியோடு.

படியேறும்போது கால் நழுவியது. சமையலறை வழியாக ஓடினார்.

"வில்மர், எங்க பறக்கற? ஷூ எங்க?"

"கிளப்புக்கு."

"அங்கதானே போற, அப்ப சூப்பையும் எடுத்துட்டுப் போ. நான் ரொட்டியோட பின்னால வரேன்."

விளக்க நின்றால் நேரமாகும். மறுக்க நின்றால் இன்னும் நேரமாகும். நாற்பது பேருக்கான பானையைத் தூக்கி வண்டியின் முன்சீட்டில் வைத்தார். அர்லீன் பின்னாலேயே வந்து பானைக்கு பெல்ட் மாட்டிவிட்டாள்.

எட்டு மைல். மேட்டில் ஏறும்போது சூப்பு பின்னால் சாய்ந்தது, இறங்கும்போது முன்னால் வந்தது. பாலத்து வளைவில் மூடி எகிறி, சூடான சோளமும் கோழியும் அவர் தொடைமேல் கொட்டின. ஆக்ஸிலரேட்டரிலிருந்து வலது காலை எடுக்கவில்லை. மனசுக்குள் ஒரே எண்ணிக்கை: ஆறு சுட்டிருப்பான். இல்லை, பன்னிரண்டு. எந்தக் குழியில் இருந்தது முப்பத்தொன்று? பெட்டிக்கு மாற்றும்போது வரிசை கலைந்துவிட்டது. முதல் தோட்டாவாகவும் இருக்கலாம், கடைசியாகவும் இருக்கலாம்.

மில் ரோட்டில் ரயில் தண்டவாளம் குறுக்கே போகிறது. அதில் ரயில் வந்து ஒன்பது வருஷமாகிறது. இருந்தும் வில்மர் வண்டியை நிறுத்தினார். கண்ணாடியை இறக்கினார். காது கொடுத்துக் கேட்டார். தண்டவாளம் வந்தால் பள்ளிக்கூட பஸ் நின்று கேட்டுத்தான் போக வேண்டும், அப்படிப் பழகிய கால் அது; நிற்க அவரிடம் அனுமதி கேட்கவில்லை.

கேட்டது. ரயில் இல்லை. மரங்களுக்கு அப்பாலிருந்து வெடிச் சத்தம். பல துப்பாக்கிகளின் படபடப்புக்கு நடுவே, கிழவன் இருமுவது மாதிரி அடங்கிய ஒரு சத்தம். அது தன் தோட்டா என்று அவருக்குத் தெரியும். ஒன்று. இரண்டு. மூன்று. ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு எண்ணினார். நான்கு. ஐந்து. ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் கொஞ்சம் நேரமாயிற்று; அந்த நேரத்தில் வில்மர் ஹார்லனின் வலது கையைப் பார்த்தார், பால் கேன்களை இரண்டிரண்டாகத் தூக்கிய கை. ஆறு. அதே இருமல். மூச்சை விட்டார். விட்டதும்தான் நினைவு வந்தது, பெட்டியில் இன்னும் மிச்சமிருக்கிறது.

மைதானத்தில் பதினெட்டுப் பேர் வரிசையாக நின்று சுட்டுக்கொண்டிருந்தார்கள். பொறுப்பில் நோர்மா ஹெர்ஷ்பெர்கர். மாவட்டச் சிறையில் முப்பது வருஷம் காவல் பார்த்து ஓய்வு பெற்றவள், மைதானத்தில் அவள் வாயிலிருந்து வருவதுதான் சட்டம். அந்த நேரம் அவள் வரிசையின் மறுகோடியில் முதுகைக் காட்டி நின்றாள்.

வில்மர் வண்டியை நடுப்பாதையிலேயே விட்டுவிட்டு இறங்கி ஓடினார். ஹார்லன் ஏழாவது ஆள். அகலமான முதுகு, நீட்டிய கை. மூன்றாவது சுற்று.

இருமல். ஒன்று.

நெருங்கிவிட்டார். கை நீட்டினால் தோள் எட்டும். தொடக்கூடாது. சுடுகிறவனைப் பின்னாலிருந்து தொட்டால் திடுக்கிட்டு விசையை இழுத்துவிடுவான். எதைத் தடுக்க வந்தோமோ அதை நாமே செய்ததாகும். முன்னால் போகவும் முடியாது. கத்த வேண்டும். "நிறுத்து" என்று யார் கத்தினாலும் மொத்த வரிசையும் நிற்க வேண்டும், அதுதான் விதி. வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

இருமல். இரண்டு.

ஹார்லனின் ஆள்காட்டி விரல் மறுபடி மடங்கத் தொடங்கியது. நீள இழுப்பு. சுத்தியல் மெதுவாக எழும்புவது பின்னாலிருந்து வில்மருக்குத் தெரிந்தது. உருளை சுழல்வதும் தெரிந்தது. அப்போது அவர் தொண்டையிலிருந்து, அவரைக் கேட்காமலே, இருபத்தாறு வருஷம் பஸ்ஸின் பெரிய கண்ணாடியைப் பார்த்துக் கத்திய குரல் வந்தது:

"எல்லாரும் உக்காருங்க! உக்காந்தாத்தான் வண்டி நகரும்!"

காதுமூடியையெல்லாம் துளைத்துக்கொண்டு போகிற குரல் அது. நாற்பது பிள்ளைகளின் கூச்சலைத் துளைத்துப் பழகியது. வரிசையில் ஒன்பது பேர் சட்டென்று சரளையில் உட்கார்ந்தார்கள். நாற்பது, ஐம்பது வயது ஆட்கள். ஒருவர் பல் வைத்தியர், ஒருவர் டவுன்ஷிப் மேற்பார்வையாளர். எல்லாருமே ஒருகாலத்தில் வில்மரின் பதினேழாம் எண் பஸ்ஸில் போனவர்கள். துப்பாக்கி முனையை மட்டும் ஒழுங்காக முன்னால் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். பஸ் வளர்ப்பு, கிளப் வளர்ப்பு, இரண்டும் வீண்போகவில்லை. முதலில் உட்கார்ந்தது, அன்று கடைசி சீட்டில் தூங்கிப்போனவள்தான் என்றும் சொல்கிறார்கள். அதை மட்டும் சரிபார்க்க முடியவில்லை.

ஹார்லன் வில்மருடைய வயதுக்காரர், பஸ்ஸில் போனதில்லை, ஆகவே உட்காரவில்லை. ஆனால் இரண்டு பக்கமும் ஆட்கள் கீழே போவது ஓரக்கண்ணில் தெரிந்தது. விரல் பாதியில் நின்றது. நோர்மா திரும்பிப் பார்த்தாள்.

"நிறுத்து! எல்லாரும் நிறுத்து! விரலை வெளிய எடு!"

ஹார்லன் பாதி இழுத்த விசையை மெல்ல மெல்ல விட்டார். சுத்தியல் எழும்பின வழியே திரும்பிப் போய்ப் படுத்தது. உருளையைத் திறந்து, ரிவால்வரை மேஜைமேல் வைத்துவிட்டுத் திரும்பினார்.

"என்னடா இது, சூப்புலயா குளிச்ச?"

வில்மரும் உட்கார்ந்தார்.

"ஒண்ணுல ரெண்டு மடங்கு இருக்குடா."

"என்னது?"

"மருந்து. அம்பதுல ஒண்ணுல. எதுன்னு தெரியல."

ஹார்லன் சிரிக்கத் தயாராக வைத்திருந்த முகம் அப்படியே நின்றது. வலது கையை முகத்துக்கு நேரே தூக்கினார். முன்பக்கம் பார்த்தார், திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். ஐந்து விரலையும் ஒவ்வொன்றாக மடக்கினார். பிறகு, பஸ்ஸில் போகாத ஹார்லன் பிரூபேக்கரும் சரளையில் உட்கார்ந்தார்.

நோர்மா எண்ணினாள். வில்மர் எண்ணினார். காலிக் கூடு பதினான்கு. உருளையில் சுடாதது நான்கு. பெட்டியில் முப்பத்திரண்டு இருக்க வேண்டும்.

முப்பத்தொன்று இருந்தது.

"மறுபடி எண்ணு," என்றார் வில்மர்.

"ரெண்டு தடவை எண்ணியாச்சு."

"மூணாவது எண்ணு."

மூன்றாவதும் முப்பத்தொன்று. அன்றைய போட்டி அத்தோடு முடிந்தது. பதினெட்டுப் பேரும் குனிந்து சரளையைக் கிளறினார்கள், புல்லைச் சீவினார்கள். ஹார்லனின் பைகளைக் கவிழ்த்தார்கள்: மிட்டாய் மூன்று, காதுக் கருவி பேட்டரி, போன மாதக் காணிக்கை உறை. லாரி சீட்டுக்கடியில் ஒரு பழைய ஆப்பிள் கிடைத்தது. தோட்டா கிடைக்கவில்லை. பானையில் மிஞ்சின சூப்பு பன்னிரண்டு பேருக்குத்தான் வந்தது. யாரும் கேட்டு வாங்கிக் குடிக்கவில்லை.

மதியம் வில்மரின் கீழ்த்தளத்தில், ஹார்லன் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். ஐந்து வருஷத்தில் அந்தப் படியிறங்கி வந்து வேலையைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. தோட்டாவைப் பிரிக்க ஒரு கருவி இருக்கிறது, பார்க்கச் சுத்தியல் மாதிரி இருக்கும். தலைக்குள் தோட்டாவைச் செருகி, மரத்தில் ஓங்கித் தட்டினால் குண்டு கழன்று மருந்து கொட்டும். ஒரு தட்டு. மருந்தைத் தராசில் கொட்டு. பார். சரியான எடை.

"இதுவும் இல்ல," என்பார் வில்மர்.

ஒவ்வொரு தட்டுக்கும் ஹார்லனின் தோள் ஒரு முறை துள்ளியது. பத்துக்குமேல் கண்ணை மூடிக்கொண்டார். இருபதில் கேட்டார்:

"டேய், தினம் இப்படித்தான் இருக்குமா உனக்கு?"

"எப்படி?"

"வயித்துல."

"ஆமா."

"சொல்லவே இல்லையேடா."

"சொன்னேனே. நீ சிரிச்ச."

முப்பத்தைந்தையும் பிரித்தாகிவிட்டது. முப்பத்தைந்தும் சரி. சுட்டது பதினான்கும் ஒழுங்காக இருமினவை. மிச்சம் ஒன்றுதான்.

"தராசு தப்பா இருக்கலாமில்ல?" என்றார் ஹார்லன்.

"இருக்கலாம்."

"தப்பா?"

"இல்ல."

அதற்குப்பின் இருவருக்கும் நடுவில் அதிகம் பேச்சில்லை என்பது உண்மை. சண்டையால் என்பது ஊர் சேர்த்த மசாலா. பேச வேண்டியதெல்லாம் ஒரே ஒரு விஷயம். அதற்கு வாய் தேவைப்படவில்லை.

கிளப்பில் இப்போது ஒரு புது வழக்கம். எவருடைய தோட்டாவானாலும் சரி, உருளையில் போடுமுன் கவிழ்த்து, அடியில் சிவப்பு வளையம் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். புத்தம்புது துப்பாக்கிக்காரர்கள்கூட, அந்தத் தோட்டா தங்கள் துப்பாக்கிக்குள் நுழையவே நுழையாது என்று தெரிந்தும் பார்க்கிறார்கள். வில்மரை 'ஆம்புலன்ஸ்' என்று கூப்பிடுவது நின்றுவிட்டது. அவருக்கு அதில் சந்தோஷமில்லை. முன்பு அவர் ஒருவர் பயந்தால் போதுமாக இருந்தது.

அந்த ஒன்றைத் தேடி ஹார்லன் துணி துவைக்கும் மெஷினைப் பிரித்துவிட்டார். சோபாவைக் கிழித்துவிட்டார். வெள்ளிக்கிழமை தோட்டாப் பெட்டியைத் திறந்து பார்த்தது விறகடுப்புக்குப் பக்கத்தில் இருந்த மேஜையில் என்பது அவருக்கு ஒரு வாரம் கழித்துத்தான் ஞாபகம் வந்தது. ஒரு தோட்டாவைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தாராம். வைத்தோமா என்பது ஞாபகமில்லை. மேஜைக்குக் கீழே விறகுக் கூடை. கூடையைக் கொட்டித் தேடியாயிற்று. ஆனால் அதற்குள் அந்தக் கூடையிலிருந்து எத்தனை கட்டை அடுப்புக்குள் போனது, அடியில் குவிந்த சாம்பலும் தூளும் எங்கே கொட்டப்பட்டன என்பதற்கெல்லாம் கணக்கில்லை. நவம்பர் வந்துவிட்டது, அடுப்பில்லாமல் முடியாது. பால் லாரி ஓட்டிய அந்த மனிதர் இப்போது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் நீட்டித்தான் அடுப்பில் கட்டை போடுகிறார், இடது கையை.

சனிக்கிழமை காலைகளில் காப்பிக் கடைக்குப் போனால் பார்க்கலாம். வில்மர் ஜன்னலோர மேஜையில் ஸ்க்ராப்பிள் என்ற வறுத்த பன்றிக்கறிக் கட்டியைத் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டிருப்பார். கதவைத் திறந்துகொண்டு ஹார்லன் வருவார். கடை முழுக்க ஒரு நொடி கரண்டிகள் நிற்கும். வில்மர் தலை நிமிர்ந்து, கேள்வியாக ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவார்.

ஹார்லன் தலையை ஆட்டுவார். இல்லை.